வேறு காலுக்குப் பழகிய பூட்ஸ்

வலது காலை உள்ளே விட்ட சில்வான் அப்படியே நின்றான். காலை வெளியே எடுத்தான், பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தான், மறுபடி விட்டான்.

"இதுக்குள்ள ஏற்கெனவே யாரோ குடியிருக்காங்கம்மா."

அப்பா ஆம்ப்ரோஸ் காலிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகன் வருவதற்குள் சேற்றைச் சுரண்டி, மெழுகு தேய்த்து, புதுசு மாதிரி பெட்டிக்குள் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர் அவர். திங்கட்கிழமை காலை பையன் பயிற்சி முகாமில் நிற்க வேண்டும். சுவிஸில் வயசு வந்த ஆண்பிள்ளை எல்லாரும் பட்டாளத்துக்குப் போய்த் தீர வேண்டும்; பூட்ஸ் முன்கூட்டியே வந்துவிடும். போட்டு நடந்து பழக்கிக்கொண்டு வா என்று கடிதமும் வரும். பையனுக்கோ ஆல்ட்டோர்ஃபில் தச்சு வேலை, சனி ஞாயிறுதான் வீடு. வந்தாலும் ரப்பர் செருப்போடு திரிவான். பெட்டி ஐந்து வாரமாகப் பிரிக்காமல் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆம்ப்ரோஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அளவு ஒன்றுதானே, நாற்பத்து மூன்று. ஒருநாள் தானே காலை விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் தினமும் நடைதான். மாட்டுக் கொட்டிலுக்கு, தான் வேலை பார்க்கும் ரோப்கார் நிலையத்துக்கு, வேலையே இல்லாத பாறை மேட்டுக்கு. குதிகாலில் கொப்புளம் வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. பையனுக்கு வரவேண்டியது தனக்கு வந்ததே என்று பரம திருப்தி. தோல் இளகியது என்னவோ உண்மை. ஆனால் அது ஆம்ப்ரோஸின் பெருவிரல் முண்டுக்கும் தட்டைப் பாதத்துக்கும் அல்லவா இளகியது! அந்த ஒன்றுதான் மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

"இன்னொரு ஜோடி குடுத்தாங்களே?" என்றாள் அவர் மனைவி வ்ரேனி.

ஆம்ப்ரோஸ் தரையைப் பார்த்தார்.

"அதையுமா?"

"ஒரு நாள் இது, ஒரு நாள் அது."

வ்ரேனி விழுந்து விழுந்து சிரித்தாள். "விடிஞ்சும் விடியாம புது பூட்ஸ மாட்டிக்கிட்டு கெளம்புறியே, எவளையோ புடிச்சிட்டியாக்கும்னு பார்த்தேன்யா!"

சில்வான் சிரிக்கவில்லை. "போறது நீங்களா நானாப்பா? நெஞ்சுக் கோளாறுன்னு உங்கள அன்னிக்கு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கு என் பூட்ஸ்ல பட்டாளம் போய்ப் பாக்குறீங்களா?"

ஆம்ப்ரோஸுக்குச் சுருக்கென்றது. ரோப்கார் நிலையத்தில் பத்து மணிக்கு எல்லாரும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ன உட்காரும்போது, ஒவ்வொருவன் பையிலிருந்தும் பட்டாளம் கொடுத்த வெள்ளி நிற மடக்குக்கத்தி வெளியே வரும். அலகில் வருஷம் பொறித்திருக்கும். யார் எந்த வருஷம் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டால் ஓயாது. ஆம்ப்ரோஸிடம் இருப்பது கடையில் வாங்கிய சிவப்புக் கத்தி. அதை மேஜைக்கடியில் விரித்து, மடியில் வைத்தே வெட்டிக்கொள்வார். இருபத்தொன்பது வருஷமாக இதே கூத்து. பையனுக்கும் இந்த கதி வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை நடை.

"நெஞ்சு இல்லடா," என்றார். "குதிகால்."

"என்னது?"

"மூணாவது வாரம் இருபது கிலோமீட்டர் நடை. பழக்காத பூட்ஸ். பாதியில ரோட்டோரமா ஒக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல. எல்லார் முன்னாலயும் அழுதேன். பாதம் லாயக்கில்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டார். ஊர்ல வந்து எறங்கினதும் என்னடா ஆச்சுன்னு கேட்டாங்க. வாயில நெஞ்சுன்னு வந்துருச்சு."

சில்வானுக்குக் கோபம் எங்கே போனதோ. குனிந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான். "சரி விடுங்கப்பா. ரெண்டு சாக்ஸ் போட்டு சமாளிச்சுக்கறேன்."

வ்ரேனியின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

"நெஞ்சுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

"எப்பவுமே?"

ஆம்ப்ரோஸ் தலையை ஆட்டினார். கல்யாணமாகி இருபத்து நாலு கோடை போய்விட்டது. செங்குத்துச் சரிவில் அறுத்துக் காயவைத்த புல்லை அவர் கட்டுவார், அவள் சுமப்பாள். நெஞ்சுக்கு ஆகாது என்று அவரை ஒரு கட்டைத் தூக்கக்கூட விடமாட்டாள். அவளுடைய இடது தோள் இப்போது வலதைவிட இரண்டு விரல் இறங்கியே இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார், பனிக்காலம் வந்துவிடும்.

"மேல பதினாலு கட்டு கெடக்கு," என்றாள் வ்ரேனி. குரலில் ஈரமே இல்லை. "மழை வரப்போகுது."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சில்வான் எழுந்தான்.

"நீ ஒக்காரு," என்றாள் அவனிடம். "நாளைக்கழிச்சு உனக்கு நடக்க கால் வேணும்."

ஆம்ப்ரோஸ் தனியாகத்தான் ஏறினார். முதல் கட்டைத் தோளில் தூக்கியதும் கால் மடங்கியது. இவ்வளவு கனமா! இதையா இத்தனை வருஷம் பாட்டுப் பாடிக்கொண்டே இறக்கினாள்? அவமானத்தில் காது எரிந்தது. மேகம் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டு வந்தது. ஒவ்வோர் அடியாக ஊன்றி இறங்கினார்.

பாதிச் சரிவில் கட்டின் கயிறு சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. நின்று, குனிந்து, அதை விடுவிக்க மார்பில் கை வைத்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது, காலில் செருப்புகூட இல்லாமல் வ்ரேனி கீழே வீட்டு வாசலிலிருந்து மேட்டில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.