திங்கள், புதன், வெள்ளி

முன்னறையில் பெட்டி வைக்க இடம் பண்ணுவதற்காகச் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையைப் பிடித்திருந்த லேத்காரர், கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியதும் சோபாவை அப்படியே கீழே வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க அத்தான்?” என்றாள் மனைவியின் தங்கை.

“இன்னைக்குப் புதன்.”

ஆறு வருஷமாகத் திங்கள், புதன், வெள்ளி காலையில் அவர் மனைவி அந்த ஓட்டை வேனில் நாலு பேரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போய், நாலு மணி நேரம் கூடவே இருந்து, திரும்ப வீட்டில் இறக்கிவிடுவாள். நேற்றுச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்; பிறகு எழுந்திருக்கவே இல்லை. இன்று நாலு மணிக்கு அடக்கம்.

தங்கை விடுவதாக இல்லை. பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள், இன்று ஒருநாள் அவர்கள் வேறு வண்டி பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள். பிடிக்கமாட்டார்கள் என்று லேத்காரருக்குத் தெரியும். நாலு பேரும் நேற்றே போன் செய்து, ஆஸ்பத்திரி கிடக்கட்டும், நாளைக்கு அம்மா பக்கத்தில்தான் இருப்போம் என்று அழுதிருந்தார்கள். இருந்த நிலையில் அவரும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று விடிந்த பிறகுதான் உறைத்தது.

ஒருநாள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த நாலு பேரில் ஒருவரான தையல்காரரே சாட்சி. வண்டி கிடைக்காமல் ஒரு தடவை விட்டதில் நெஞ்சில் நீர் கோத்து, ஆலயப் படியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவள்தான், ஆண்டவர் என்னை வேன் ஓட்டச் சொல்கிறார் என்றாள். உன் ஆண்டவர் லைசென்ஸும் கொடுத்தாரா என்று லேத்காரர் கிண்டலடித்தார். நாற்பத்தொன்பது வயதில் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். காய்ச்சலோடு கிளம்பிய ஒரு நாள் அவர் வழிமறித்தபோது அவள் சொன்னது இப்போதும் காதில் இருந்தது: “எனக்குத் தோதுப்பட்டாதான் செய்வேன்னா, அதுக்குப் பேரு கீழ்ப்படியறது இல்லைங்க.”

“மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்” என்று தங்கையிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

முதல் திருப்பத்தில் ரெண்டாவது கியர் கரகரத்தது. கியர்க் கம்பியில் புஷ் என்கிற சின்ன வளையம் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். அவர் பட்டறையில் அரை மணி வேலை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் புஷ் கடைந்து கொடுத்தவர், வருகிற ஞாயிறு, வருகிற ஞாயிறு என்று அவளுக்கு எட்டு மாதமாகச் சாக்குச் சொல்லியிருந்தார். நேற்றிலிருந்து வராத அழுகை அங்கே வந்தது. வண்டியை நிறுத்தாமல் அழுதுகொண்டே ஓட்டினார்.

தையல்காரர் வீட்டு வாசலில் ஆளில்லை. ஹாரன் அடித்ததும், துக்கத்துக்கென்று தேய்த்த சட்டையோடு எட்டிப் பார்த்தவர், அம்மா அங்கே கிடக்கும்போது எனக்கு ஊசி ஒரு கேடா என்றார்.

“நீங்க ஏறாம நான் கிளம்பமாட்டேன். நான் போகாம அவளை எடுக்கமாட்டாங்க. யோசிச்சுக்கங்க” என்றார் லேத்காரர்.

தையல்காரர் ஏறினார். பேக்கரிக்காரரும் தபால்காரரும் வண்டிக்குள் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் ஏறிக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் கதவையே திறக்கவில்லை. அங்கே அம்மாவைத் தனியாகக் கிடக்க விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று உள்ளிருந்தே அழுதாள். லேத்காரர் கதவில் நெற்றியை வைத்து நின்றார்.

“டீச்சர், நேத்து அவளுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியலை. இதைச் செய்ய முடியும். வாங்க.”

தாழ்ப்பாள் விலகியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவர் மனைவி வழக்கமாக உட்காரும் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள். அம்மா இந்த நேரத்தில் ஜெபம் பண்ணுவார்கள் என்றாள் டீச்சர். அவருக்கு அது வராது. எழுந்து போய் நாலு பேருக்கும் காலில் நழுவியிருந்த போர்வையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஆலயத்தில் பாட்டு முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரத்தில், கையில் கட்டோடு நாலு பேரும் முன்னால் வந்து நின்றார்கள். ஊசி ஏறிய கையால் பாரம் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மூன்று பேருக்கு அது இடது கை. ஆக, வலது கையை நீட்டிக்கொண்டு மூவரும் பெட்டியின் இடப்பக்கமே வரிசையாக நின்றார்கள். டீச்சருக்கு இடது கைப் பழக்கம் என்பதால் ஊசி வலது கையில். அவள் மட்டும் வலப்பக்கம் வந்து லேத்காரருக்கு முன்னால் கைப்பிடியைப் பற்றினாள். அங்கே ஒருவர், இங்கே ஒருவராக உறவில் மருமகன் முறையான இரண்டு பேர் முட்டுக்கொடுத்தார்கள்.

தூக்கினார்கள். அந்தப் பக்கம் தெம்பு போதவில்லை. பெட்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. தையல்காரர் பல்லைக் கடித்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. லேத்காரர் வாழ்நாளெல்லாம் மட்டம் பார்த்த கண்ணால் ஒரு தரம் பார்த்தார். முழங்காலைச் சற்று மடித்து, தன் பக்கத்தைக் கீழே இறக்கிப் பிடித்தார்.

பெட்டி மட்டத்துக்கு வந்தது. அப்படியே வாசல் வரைக்கும் நடந்தார்கள்.