மேர்சியின் முழங்காலுக்கு இரண்டு அங்குலம்

கொக்குவிலில் கஜானனின் கராஜுக்குப் பிக்கப் கொண்டு வருகிறவர்கள், அதை இத்தனை அங்குலம் உயர்த்தித் தா என்று கேட்பார்கள். குருநகர் மரியரட்ணம் சாரத்தை மடித்துக் கட்டி, தன் தொடையில் கையை வைத்துக் காட்டினார்.

"இவ்வளவு தண்ணிக்குள்ளாலை போகோணும் தம்பி."

"மழைக்கு றோட்டிலை நிக்கிற தண்ணியோ அண்ணை?"

"ஓம், ஓம்."

பச்சைப் பொய். உண்மையைச் சொன்னால் கஜானன் சிரிப்பான். மனிசியோடு இருக்கும் பழைய வழக்கொன்றை முடிக்க வாகனத்தை உயர்த்துகிறேன் என்று எந்த ஆம்பிளை வாய் திறந்து சொல்லுவான்?

அவர் வீட்டுப் பின்மதிலுக்கு அப்பால் ஆழமில்லாத பரவைக்கடல். அவர் தொழிலுக்குப் போன காலமெல்லாம், பொழுதுபடுகிற நேரம் மனிசி மேர்சி அந்த மதிலடியில் நின்று கை காட்டுவாள். துறையிலிருந்து புறப்படும் வள்ளம் வெகுதூரம் போய், மணல்மேட்டு நுனியில் திரும்பும்போதுதான் மதில் கண்ணுக்குப் படும். அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியாது. தெரியாவிட்டாலும் மரியரட்ணம் நாள் தவறாமல் அந்தப் பக்கம் கை காட்டினார். மேர்சி அதை நம்பவேயில்லை.

"காட்டியிருந்தா எனக்குத் தெரியாதே? நான் என்ன குருடியே?"

முதுகு நொந்து, வள்ளத்தை விற்று, ஐஸும் மீனும் ஏற்ற இந்தப் பழைய பிக்கப்பை வாங்கி, இருவரும் பகலிரவாக ஒரே வீட்டுக்குள் அகப்பட்ட பிறகு வழக்கு முற்றிவிட்டது. தேத்தண்ணியை டக்கென்று வைத்துவிட்டுச் சொல்லுவாள்: "ஒருநாளாவது என்னைத் திரும்பிப் பாத்தனீங்களே?" மரியரட்ணத்துக்கு அன்று முழுவதும் சோறு இறங்காது.

யாருடைய வள்ளத்திலாவது கூட்டிப்போய் அந்தத் தூரத்தைக் காட்டலாம்தான். தொழில் வள்ளத்தில் பெண்கள் கால் வைக்கிற வழக்கம் அவர்கள் பக்கம் இல்லை. மேர்சிக்கோ வள்ளத்தை நினைத்தாலே வயிற்றைப் புரட்டும்.

ஒரு விடியற்காலைக் கனவில்தான் மணல்மேடு வந்தது. கரையில் தொடங்கித் தண்ணீருக்கு அடியால் றோட்டுப்போல நீண்டு கிடக்கிற மேடு. அவருடைய வள்ளத்தை எத்தனையோ தரம் தட்டவைத்து வசை வாங்கிய மேடு. கனவில் அதன்மேல் பிக்கப் சத்தமில்லாமல் போனது. யன்னலோடு திரளிமீன்கள் கூடவே வந்தன. மேர்சி வெளியே கையை விட்டு அவற்றைத் தடவினாள். விடிந்ததும் கராஜுக்கு வந்துவிட்டார்.

கஜானன் இரண்டு சோடி ஸ்பிரிங்குகளைக் கொண்டுவந்து நிலத்தில் வைத்தான்.

"இது ரெண்டு இஞ்ச் உயர்த்தும். இது நாலு. உங்கடை தொடைத் தண்ணிக்கு நாலுதான் சரி. ஆனா வளைவிலை கொஞ்சம் ஆடும்."

"ஆடட்டும்." ஆட்டம் அவருக்குப் புதிதா?

நாலு அங்குலம் உயர்த்திய பிக்கப் ஒன்று மூலையில் நின்றது. கதவைத் திறந்து ஏறிப் பார்த்தார். ஏறும்போதே கோயில் படியில் மேர்சி ஏறுகிற விதம் கண்ணுக்குள் வந்தது. கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மாதாவைக் கூப்பிட்டு, பிறகு மற்றக் கால். இதில் அவள் ஏறமாட்டாள். தூக்கி ஏற்ற அவருடைய முதுகும் விடாது, அவளுடைய ரோசமும் விடாது.

"கீழை ஒரு படி பூட்டலாம் அண்ணை."

"ஒண்டுக்கு ரெண்டாப் படி வைச்சா, முழங்கால் ரெண்டு தரமெல்லே நோகும்." மரியரட்ணம் சின்ன ஸ்பிரிங்கைக் காலால் தொட்டார். "ரெண்டையே போடு."

"அப்ப தண்ணி?"

"தண்ணி வத்தும் தம்பி. அவளின்ரை முழங்கால் இனி மடங்காது."

கஜானனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இரண்டையே பூட்டினான்.

சோழகக் காற்று வீசி வீசிப் பரவைக்கடல் வற்றி ஒடுங்கியது. மரியரட்ணம் நாள்தோறும் மேட்டில் இறங்கி நடந்து, தண்ணீர் தன் காலில் எவ்வளவுக்கு ஏறுகிறது என்று பார்த்துத் திரும்பினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்த ஒரு பின்னேரம், "வா, ஒரு இடத்துக்குப் போட்டு வருவம்" என்றார். மேர்சி கதவைப் பிடித்து, மாதாவைக் கூப்பிட்டு, ஏறிவிட்டாள்.

பிக்கப் கரையைத் தாண்டி இறங்கியபோதுதான் அலறினாள். "இஞ்சாருங்கோ! உங்களுக்கு விசரே?"

"நான் கை காட்டின இடத்துக்குப் போய் உன்ரை வழக்கை முடிக்கப் போறம்."

அவள் திரும்பிக் கரையைப் பார்த்தாள். பிறகு வீட்டிலிருந்த தங்கை றோஸுக்குப் போன் எடுத்தாள். "பின்மதிலடியிலை நிண்டு கையைக் காட்டு. நான் சொல்லுமட்டும் விடாதை."

மரியரட்ணம் மெல்ல ஓட்டினார். முன்னால் றோட்டும் இல்லை, அடையாளமும் இல்லை. மேடு அவருடைய உள்ளங்காலுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீர் விலகி, பின்னால் வந்து மூடியது. மீன் மறிக்க நட்ட களங்கண்டித் தடிகளில் கொக்குகள் அசையாமல் நின்று பார்த்தன. வானம் எது, கடல் எது என்று தெரியாத ஒரு வெளிச்சம். மேர்சியின் கை தன்பாட்டில் யன்னலுக்கு வெளியே போயிருந்தது.

மேட்டு நுனியில் நிறுத்தி, பிக்கப்பைக் கரைப்பக்கம் திருப்பினார். தூரத்தில் கோயில் கோபுரம், புகைபோலத் தென்னைகள், அவற்றின் கீழே நகக்கீறல் அளவில் ஒரு வெள்ளை. அதுதான் மதில்.

"றோஸ், கை காட்டுறியே?"

"காட்டிக் காட்டித் தோள்மூட்டுக் கழண்டுபோச்சு அக்கா! நீங்கள் எங்கை?"

மேர்சி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். வெள்ளைக் கீறலில் எதுவும் அசையவில்லை. போனை மடியில் வைத்தாள். மரியரட்ணமும் அந்தக் கீறலையே பார்த்தார்.

"இஞ்சை நிண்டே காட்டினனீங்கள்?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமே?"

"ஓம்."

மேர்சி யன்னலுக்கு வெளியே கையை உயர்த்தி, கரையைப் பார்த்து ஆட்டத் தொடங்கினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"றோஸுக்குத் தெரியாதப்பா," என்றார் மரியரட்ணம்.

"றோஸுக்கில்லை. அந்தக் காலத்திலை அதிலை நிண்டவளுக்கு."