கால் மாத்திரை

எங்க வீட்டுப் பூனைக்கு இன்ஸ்பெக்டர்னு பேர் வச்சது நான்தான். ராத்திரி கடையிலேர்ந்து வந்து பையைக் கீழ வைக்க வேண்டியதுதான், ஓடி வந்து தலையை உள்ள விட்டு ஒவ்வொரு பொட்டலமா மோந்து பாக்கும். அப்புறம் 'சரி, இந்தத் தடவை விடுறேன்'ங்கிற மாதிரி வாலைத் தூக்கிட்டுப் போயிடும். மருந்துக்கடையில வேலை பாக்குறவனுக்கு, சோதனைக்கு வர்ற மருந்து இன்ஸ்பெக்டர்னா என்ன பயம்னு மத்தவங்களுக்குப் புரியாது. எங்க முதலாளி, வாசல்ல ஜீப் நின்னாலே தண்ணி கேப்பார்.

அந்தக் கடையில எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். தெருவுல எல்லாருக்கும் நான் 'அரை டாக்டர்'. கிண்டலாச் சொல்றாங்களோ என்னமோ, நான் மரியாதைன்னே எடுத்துக்கிட்டேன். தலைவலி, வயித்துவலி, முதுகுப் பிடிப்பு, எதுன்னாலும் முதல்ல என்கிட்டதான் வருவாங்க. டாக்டர்கிட்ட போனா மூணு மணி நேரம் உக்காரணும், என்கிட்ட மூணே நிமிஷம். அவங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் கை அலமாரிக்குப் போயிடும். அதுல எனக்கு ஒரு திமிர். இப்ப மறைச்சு என்ன ஆகப் போகுது, திமிர்தான்.

வீட்டுலயும் இதே ராஜ்ஜியம். என் வீட்டுக்காரிக்கு பத்து வருஷமா பிரஷர். தினமும் காலையில அவ உள்ளங்கையில மாத்திரையை நான்தான் வைப்பேன். என்ன மாத்திரை, எதுக்கு மாத்தியிருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல, குனிஞ்சுகூடப் பாக்க மாட்டா. வாயில போட்டுத் தண்ணி குடிச்சிட்டு அடுப்பைப் பாக்கப் போயிடுவா.

பொண்ணு கல்யாணமாகிப் போனதுக்கு அப்புறம் வீட்டுல அவளுக்குப் பேச்சுத்துணை அந்தப் பூனைதான். நான் வீட்டுக்கு வர்றதே எட்டு மணிக்கு. வந்தாலும் டிவி முன்னாடி உக்காந்துடுவேன். அவ நாள் பூரா பேசுறதெல்லாம் அதுகிட்டதான். "ஏன்டி, இன்னைக்கு வெயிலு எப்படி அடிக்குது பாத்தியா"ன்னு கேப்பா, அது ஒரு சத்தம் குடுக்கும். ரெண்டு பேருக்கும் அவ்வளவு அன்னியோன்யம்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை. காலையில எழுந்து பாத்தா சமையக்கட்டு வாசல்ல, சோபாவுக்கு அடியில, என் செருப்பு மேலன்னு மூணு இடத்துல வாந்தி. மணல் டப்பாவுல தண்ணி தண்ணியாப் போயிருந்துச்சு. இன்ஸ்பெக்டர் வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி சுருண்டு கெடந்துச்சு.

"பழைய தீனி கடையில இல்லன்னாங்க, நேத்து வேற பாக்கெட் வாங்கிப் போட்டேன். அதான் ஒத்துக்கலை போலருக்கு. வாங்க, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடலாம்"னா அவ.

"ஒரு பூனை வாந்தி எடுத்ததுக்கு டாக்டரா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. போய்க் குளி, நான் பாத்துக்குறேன்"னு சொன்னேன். இதுல 'நான் பாத்துக்குறேன்' மட்டும் சொல்லாம இருந்திருந்தா, இந்தக் கதையே இல்ல.

அவ குளிக்கப் போனதும் காதைத் தொட்டுப் பாத்தேன். சுட்டுச்சு. பூனைக்குக் காது எப்பவுமே சுடும்கிறது எனக்கு அப்பத் தெரியாது. காய்ச்சல்னு முடிவு பண்ணிட்டேன். கடையில தினமும் பண்ற கணக்குதான் பண்ணினேன். கைக்குழந்தைக்கு எடையைப் பாத்துக் குடுப்போம் இல்லையா? இது நாலு கிலோ. நாலு கிலோ குழந்தைக்கு என்னவோ அதுதான் பூனைக்கும்னு நெனச்சேன். காய்ச்சல் மாத்திரையில கால் துண்டு உடைச்சு, ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வச்சு நசுக்கி, தண்ணியில கலக்கி, சொட்டு மருந்துக் குழாயில உறிஞ்சி, வாயைத் திறந்து ஊத்திட்டேன். நுரை தள்ளித் தலையை உதறுச்சு. "கசக்குதா? கசந்தாத்தான்டி மருந்து"ன்னு அதுகிட்ட பெரிய மனுஷன் மாதிரி பேசிட்டு, குழாயைக் கழுவி வச்சிட்டுக் கடைக்குப் போயிட்டேன்.

அவகிட்ட சொல்லலை. மறைக்கணும்னு இல்ல. சாயங்காலம் அது துள்ளிக் குதிக்கும், அப்ப 'பாத்தியா, ஒரு கால் மாத்திரை, தீர்ந்துச்சு'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம்னு இருந்தேன்.

ஒரு மணிக்கு போன் வந்துச்சு. அழுதுகிட்டே பேசினா. பூனை மூச்சு வாங்குதாம், மூஞ்சி வீங்கியிருக்காம். ஒரு துணிப்பையில போட்டுத் தூக்கிட்டு அவளே ஆட்டோ பிடிச்சுப் பூனை டாக்டர்கிட்ட வந்துட்டா. நான் கடையிலேர்ந்து ஓடினேன்.

சின்ன கிளினிக்தான். ஒரு ஸ்டீல் மேஜை, ஒரு எடை மெஷின், சுவத்துல நாய்ப் படம் போட்ட காலண்டர். டாக்டர் என் பொண்ணு வயசு. இன்ஸ்பெக்டரோட உதட்டைத் தூக்கிக் காட்டினா. ரோஸ் கலர்ல இருக்க வேண்டிய ஈறு, சேறு மாதிரி பழுப்பா இருந்துச்சு.

"தீனி மாத்தினதுல வாந்தி, பேதி வரலாம்மா. ஆனா இந்தக் கலர் தீனியால வராது. வேற ஏதோ உள்ள போயிருக்கு. மனுஷங்க சாப்பிடுற மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை?"

வாயைத் திறக்கப் போனேன். சத்தியமா திறக்கத்தான் போனேன். அதுக்குள்ள என் வீட்டுக்காரி முந்திக்கிட்டா.

"சேச்சே! இவர் இருபத்தாறு வருஷமா மருந்துக்கடையில இருக்கார் டாக்டர். இவருக்குத் தெரியாத மருந்தா? இவர் இருக்கிற வீட்டுல அந்த மாதிரி தப்பெல்லாம் நடக்காது."

சொல்லிட்டு என்னைப் பெருமையா ஒரு பார்வை பாத்தா. அந்த அழுகைக்கு நடுவுலயும் பெருமை! டாக்டர் என்னை நிமிர்ந்து பாத்து, "ஓ, அப்படியா சார், அப்பச் சரி"ன்னுட்டா. திறந்த வாயை மூடிட்டேன். ஒரு நிமிஷம் கழிச்சுச் சொல்லிடலாம்னு நெனச்சேன். ஒரு நிமிஷம் போனதும், இவ்வளவு நேரம் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு தோணுச்சு.

டாக்டர் ஆக்சிஜன் வச்சா, ஊசி போட்டா. "எலி மருந்து, பெயிண்ட், பூச்சி மருந்து? பக்கத்துல யாராவது வச்சிருப்பாங்களா? என்னன்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாத்து மருந்து குடுக்கலாம். தெரியாம என்னத்தக் குடுக்கிறது? வாயில்லாத ஜீவன், அதால சொல்ல முடியாது."

வாய் இருந்த ஜீவன் சுவத்தோரமா நின்னு காலண்டர்ல இருந்த நாயைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. இப்ப நெனச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

என் வீட்டுக்காரிக்குத் திடீர்னு கீழ்வீட்டுக்காரர் ஞாபகம் வந்துடுச்சு. ரிட்டயரான பஸ் டிரைவர் அவர். இன்ஸ்பெக்டர் அவரோட பூந்தொட்டியிலதான் போய்க் காரியத்தை முடிச்சிட்டு வரும். போன மாசம் மாடிப்படியில நின்னு, "ஒரு நாளைக்கு இதுக்கு வைக்கிறேன் பாரு"ன்னு கத்தினார்.

"அந்த ஆள்தான்! வேற யாரு?" போனை எடுத்துட்டா. நான், "இரு, அவசரப்படாதே"ன்னேன். அது வாயிலேர்ந்து வந்துச்சா, மனசுக்குள்ளயே நின்னுடுச்சான்னு எனக்கே தெரியலை. அவ கத்த ஆரம்பிச்சிட்டா. "நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா? வாயில்லாத ஜீவனுக்கு விஷம் வைக்க எப்படி மனசு வந்துச்சு?" பத்து வருஷமா அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்ட மனுஷனை என்னென்ன கேக்கக் கூடாதோ அத்தனையும் கேட்டா. நான் கேட்டுக்கிட்டு நின்னேன்.

கால் மணி நேரத்துல அவர் கிளினிக்குக்கே வந்துட்டார். ஸ்கூட்டர்ல, வீட்டுச் சட்டையோட. பட்டன் மாத்திப் போட்டிருந்தார். சண்டைக்குத்தான் வர்றார்னு நெனச்சேன். அவர் நேரா என் வீட்டுக்காரி முன்னாடி போய் நின்னார்.

"தங்கச்சி, தொட்டியில போனா கத்துவேன். ஏன், அடிக்கக்கூட கை ஓங்கியிருக்கேன். விஷம் வைக்கிற ஆளா நானு? எலி மருந்துன்னு ஒண்ணு நான் வாங்கினதே இல்ல. வேணும்னா உன் வீட்டுக்காரரைக் கேளு. இவருக்குத் தெரியாம நான் ஒரு மாத்திரைகூட வாங்கினது கிடையாது. இவர் குடுக்கிறதுதான் எனக்கு மருந்து. சார், நீங்களே சொல்லுங்க சார்!"

ரெண்டு பேரும் என்னையே பாத்தாங்க. மேஜை மேல இன்ஸ்பெக்டரோட விலா ஏறி இறங்குற சத்தம் கேட்டுச்சு.

"நான்தான். காலையில காய்ச்சல் மாத்திரை குடுத்தேன்"னு சொன்னேன்.

டாக்டர் திட்டியிருந்தா எவ்வளவோ தேவலை. அவ திட்டலை. கடையில நான் எல்லாரையும் கேக்குற மாதிரியே என்னைக் கேட்டா: "எத்தனை மணிக்கு? எந்த மாத்திரை? எவ்வளவு?"

"எட்டு மணி. கால் மாத்திரை."

"பூனைக்கு அது விஷம் சார். கால் மாத்திரையே போதும். வந்த உடனே சொல்லியிருந்தீங்கன்னா..." மீதியை அவ சொல்லலை. சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தா. நானும் பாத்தேன். நான் வாயை மூடிக்கிட்டிருந்தது நாப்பது நிமிஷம்.

"இதுக்கு மாத்து மருந்து சளியைக் கரைக்கிற ஒரு ஊசி மருந்து. மனுஷங்களுக்குக் குடுக்கிறதேதான். என்கிட்ட ஸ்டாக் இல்ல, எங்கயாவது தேடணும்."

"எங்க கடையில இருக்கு. ரெண்டாவது தட்டு, இடது பக்கம்"னு சொன்னேன். வெக்கக்கேடு! மாத்து மருந்து என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்திருக்கு.

என் வீட்டுக்காரி பூனை மேல வச்ச கையை எடுக்கவும் இல்ல, என் பக்கம் திரும்பவும் இல்ல. கீழ்வீட்டுக்காரர்தான் சாவியை எடுத்துக்கிட்டு, "வாங்க, ஏறுங்க வண்டியில"ன்னார்.

பின்னாடி உக்காந்தேன். அவர் தோளைப் பிடிக்கக்கூட எனக்குக் கூச்சமா இருந்துச்சு. சிக்னல்ல நின்னப்ப, திரும்பாமலே சொன்னார்: "நான் வச்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன் சார்." அவ்வளவுதான். பச்சை விழுந்ததும் கிளம்பிட்டார்.

கடையில கூட்டம். "அரை டாக்டர் வந்துட்டார்டா"ன்னு யாரோ குரல் குடுத்தாங்க. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை முதலாளிகிட்ட நீட்டினேன். நோயாளி பேர் 'இன்ஸ்பெக்டர்'னு இருந்ததைப் பாத்து அவருக்கு முகத்துல ஈயாடலை. வேற நாளா இருந்தா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பேன். "எங்க வீட்டுப் பூனை. நான் தப்பா மருந்து குடுத்துட்டேன்"னு அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேன். குழந்தையை இடுப்புல வச்சிருந்த ஒரு பொம்பளை, நேத்து நான் குடுத்த சிரப்பைப் பையிலேர்ந்து எடுத்து ஒரு தடவை திருப்பிப் பாத்தா.

இன்ஸ்பெக்டர் பொழச்சுக்கிச்சு. மூணு நாள் கிளினிக்லயே வச்சிருந்தாங்க. ஈறுல ரோஸ் திரும்ப வர்றதுக்குள்ள எங்களுக்குப் பாதி உயிர் போயிடுச்சு. அந்த மூணு நாளும் அவ என்கிட்ட, சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன், கதவைச் சாத்துங்க, இந்த அளவுலதான் பேசினா. கீழ்வீட்டுக்காரர்கிட்ட மட்டும் போய் அழுது மன்னிப்புக் கேட்டுட்டு வந்தா. நான் பண்ணின தப்புக்கு அவ மன்னிப்புக் கேட்டா. நானும் பின்னாலேயே போய் நின்னேன். அவர் ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்தார்.

திங்கக்கிழமை சாயங்காலம் பூனை வீட்டுக்கு வந்துச்சு. இளைச்சுப் போய், முன்னங்கால்ல முடி சிரைச்ச இடம் வெள்ளையா தெரிய, மெதுவா நடந்து வந்து என் பைக்குள்ள தலையை விட்டுச்சு. எப்பவும் போல மோந்து பாத்துட்டு, என் கால்ல ஒரு உரசு உரசிட்டுப் போச்சு. பாவி, அதுக்கு என் மேல எந்தக் கோபமும் இல்ல. உள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

மறுநாள் காலையில மாத்திரையை எடுத்து, தண்ணியோட போய், எப்பவும் போல அவ உள்ளங்கையில வச்சேன்.

அவ வாயில போடலை. கையை ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டு போனா. விரலால மாத்திரையைப் புரட்டிப் பாத்தா. பத்து வருஷத்துல முதல் தடவை.

"இது பிரஷர் மாத்திரைதானே?"

"ஆமா."

குரல்ல கோபம் இல்ல. ரொம்ப சாதாரணமா, பூனைகிட்ட வெயிலைப் பத்திப் பேசுற மாதிரி சொன்னா:

"அட்டையையும் எடுத்துட்டு வாங்க. என் கண்ணாடி டிவி மேல இருக்கு, அதையும்."

எடுத்துட்டு வந்து குடுத்துட்டு, அவ எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.