முருகனுக்குச் சேர வேண்டிய முடி

இனியனுக்கு ஐந்து வயதாகியும் மொட்டை போடவில்லை. திருப்போரூர் முருகனுக்கு முதல் முடி என்று தாய் ரஞ்சிதா நேர்ந்திருந்தாள். ஆனால் தாய்மாமன் மடியில் உட்கார்த்தியல்லவா எடுக்க வேண்டும்? மாமன் செங்கல்வராயனோ துபாயில். அவனுக்கு லீவு கிடைக்கும்வரை பிள்ளைக்கு ரெட்டைச் சடை போட்டு, பூ வைத்து, மீனவக் குப்பமே கொஞ்சித் தீர்த்தது.

அதற்குள் பிள்ளையின் ரத்தத்தில் புற்று வந்துவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. ரஞ்சிதா ஒன்று விடாமல் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்தாள்.

“புள்ள இன்னா நெலமையில கீது, நீ முடியப் பொறுக்கிக்கினு கீற!” என்று புருஷன் சுதாகர் எரிந்து விழுந்தான். அந்தக் குப்பத்தில் சாமி கும்பிடாமல் போட் ஏறும் ஒரே ஆள் அவன்தான்.

“முருகன் சொத்து அது. ஒண்ணுகூட கொறையக் கூடாது. அப்பதான் புள்ளைய உடுவாரு.”

செங்கல்வராயன் வேலையை உதறிவிட்டு ஓடி வந்தான். கோயிலில் அவன் மடியில் துவண்டு கிடந்த பிள்ளையைப் பார்த்து, நாவிதர் கத்தியை மடக்கிவிட்டார். ஈர விரலால் வெறுந்தலையைத் தடவிச் சந்தனம் பூசினார். மஞ்சள் முடிச்சு முருகனிடம் போய்ச் சேர்ந்தது.

ஆடி பிறக்குமுன் இனியன் போய்விட்டான்.

சோறு தண்ணியில்லாமல் கிடந்த ரஞ்சிதாவை எழுப்பி உட்கார வைத்தது அந்த முடிச்சுதான். “கொற வெக்காம குடுத்துட்டோம். கோவத்துல எடுத்துக்கல, ஆசப்பட்டுக் கூட வெச்சிக்கினாரு” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொல்லிச் சொல்லித்தான் ஒரு வாய் கஞ்சி இறங்கியது. சுதாகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசைப்பட்டவர் வேறு வீடு பார்த்திருக்கக் கூடாதா? ஆனாலும், அவள் சாப்பிட்டாளே, அது போதும்.

தீட்டுக் கழிந்தபின் ஒருநாள் சட்டையை மாட்டியவன் அப்படியே நின்றான். பொத்தானில் நீளமாய் ஒரு முடி சுற்றியிருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன சட்டை. கத்தி படாத, பூப்போன்ற செம்பட்டை முடி.

ரஞ்சிதா பார்த்தால் தீர்ந்தாள். இந்த ஒன்றைக் கொடுக்காததால்தான் பிள்ளை போனான் என்று ஆயுசுக்கும் மாரடித்துக்கொள்வாள். வாசலுக்கு வந்தான். ஊதினால் கடல்காற்றோடு போய்விடும். ஊத மனம் வரவில்லை. அவனுக்கும் பிள்ளையென்று மிச்சமிருந்தது அதுதான்.

“எங்க கெளம்பிட்ட?” என்றாள் ரஞ்சிதா உள்ளிருந்து.

“இன்ஜின் மக்கர் பண்ணுது. சாமான் வாங்கினு வந்துடறேன்.”

திருப்போரூரில் அதே நாவிதர். “யாருக்குப்பா மொட்ட?”

“எனக்குத்தான்.”

சட்டைப்பையிலிருந்த முடியை எடுத்து, கடலுப்பில் செம்பட்டையேறி நீண்டு கிடந்த தன் உச்சிமுடிக்குள் செருகிக்கொண்டு குனிந்தான். கத்தி இழுக்க இழுக்க எல்லாம் கலந்து மடியிலும் தரையிலும் விழுந்தது. எது தன்னுடையது, எது பிள்ளையுடையது என்று தெரியவில்லை. மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தான்.

“எழுந்திருப்பா, நாங்க பெருக்கிக்கிறோம்.”

“இரு அண்ணாத்த,” என்றான் சுதாகர், அழுதுகொண்டே. “ஒண்ணுகூட கொறையக் கூடாது.”