வீட்டுக்காரர் இல்லாத பந்தி

05.06.2025, வியாழன்

இன்று வகுப்பில் ஒரு சிறு பிழை விட்டேன். கழுவும் தொட்டியின் வரைபடத்தில் சாய்வை எதிர்ப்பக்கமாகக் கீறியிருந்தேன். அம்புக்குறிகள் சரியாகத்தான் இருந்தன, உயர அளவுகள்தான் தலைகீழாக விழுந்திருந்தன. பக்கத்துக் கதிரையில் இருந்த சுதாஜினி அதை முதலில் கண்டாள். ராஜினி மிஸ்ஸுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பின்வரிசை முழுவதற்கும் கேட்டது.

"மதுசன், உம்மட தொட்டியில கழுவினா தண்ணி வாழைக்குப் போகாது. கழுவுற ஆக்களின்ர காலுக்குத்தான் போகும்."

அழித்துத் திருத்தினேன். திருத்திய பிறகு மேலும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பகலில் வவுனியாவில் ஒரு ஹாட்வெயார் கடையில் பைப்பும் ஆணியும் விற்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலையில் நெளுக்குளத்தில் வடிவமைப்பு டிப்ளோமா வகுப்பு. சூழலைக் கெடுக்காத ஒரு மாற்றத்தை, ஊர்ச்சனமே முன்னுக்கு நின்று செய்யும்படி வடிவமைக்க வேண்டும் என்பது இந்தத் தவணைக்கான வேலை. "அவை கேக்காததைக் கீறிக்கொண்டு போய்க் குடுக்காதேங்கோ" என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் சுதாஜினியும் ஒரு குழு. ஊர் தேடி அலைய நேரமில்லாததால், புளியங்குளத்துக்கு உள்ளே இருக்கும் என் ஊரையே எடுத்தோம். அது நல்ல முடிவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் தலைவி என் அம்மா.

கருத்துக் கேட்பதற்காகச் சென்ற மாதம் ஊர் மண்டபத்தில் சங்கத்துப் பெண்களைச் சந்தித்தோம். கேள்விகளை வரிசையாக எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். நாங்கள் கதிரையில் இருக்கும் முன்பே அம்மா எழுந்து வரவேற்றார்.

"வாங்கோ சேர், வாங்கோ மிஸ். பிறவுண் பேப்பர் கொண்டு வந்தனீங்களோ? வளப்படம் கீறவோ, பிரச்சினை மரம் கீறவோ?"

எங்கள் வீட்டில் மலைநாட்டுப் பேச்சுத்தான். தாத்தா தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அது மாறவில்லை. வெளியாட்களோடு மட்டும்தான் அம்மா இந்த ஊர்ப் பேச்சுப் பேசுவார். அன்று என்னோடும் அப்படியே பேசினார். காலையில் எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தவரும் இவர்தான் என்பதை நம்பவே கஷ்டமாக இருந்தது.

சண்டை முடிந்த பிறகு எத்தனையோ தொண்டு நிறுவனத் திட்டக்காரர்கள் அந்த மண்டபத்தில் பேப்பர் விரித்துக் கேள்வி கேட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே இந்த வேலையில் எங்களை விட அவர்களுக்குத்தான் பழக்கம் கூட. நான் மார்க்கரின் மூடியைக் கழற்றுவதற்குள் குளம் நீலத்திலும் வயல் பச்சையிலும் கோயில் சிவப்பிலும் வந்துவிட்டன.

"கிணத்துக்குக் கறுப்பு வட்டம், சேர். போன திட்டத்திலயும் அப்பிடித்தான் போட்டனாங்கள்" என்று சிவலட்சுமி மாமி எனக்கு விளங்கப்படுத்தினார். மாமி எங்கள் பக்கத்து வளவு. நான் அவருடைய மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்தவன்.

"உங்களுக்கு என்ன மாற்றம் வேணும்?" என்று பாடமாக்கிய முதல் கேள்வியைக் கேட்டேன்.

"நீங்கள் என்ன வச்சிருக்கிறியள் எண்டு சொன்னா, அதையே கேப்பம்" என்றார் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். சுதாஜினியும் சிரித்தாள், அவள் என் குழுவில் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"லஞ்ச் சீற் நிக்க வேணும்" என்றார்.

அது திட்டத்துக்காகச் சொன்ன பதில் இல்லை. போன வருடம் பிள்ளையார் கோயில் திருவிழாவில், அன்னதானச் சோறு போட்ட லஞ்ச் சீற் என்ற பொலித்தீன் தாள்கள் குளக்கட்டு வரைக்கும் பறந்தன. அடுத்த கிழமை எங்கள் பசுக்கன்று செத்தது. மிருக வைத்தியர் அதன் வயிற்றிலிருந்து லஞ்ச் சீற்றைச் சுருள் சுருளாக வெளியே எடுத்தபோது அம்மா பக்கத்திலேயே நின்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

திருவிழாச் சனத்துக்கு வாழையிலை வெட்டினால் பிறகு ஊரில் ஒரு குலையும் காணக் கிடைக்காது. ஆனால் மண்டப அலுமாரியில், முன்பொரு திட்டம் கொடுத்த சில்வர் சோற்றுக் கோப்பைகள் (எங்கள் வீட்டுப் பேச்சில் தட்டுகள்) பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கழுவுவது யார் என்ற கேள்விக்கு மறுமொழி கிடைக்காததால் அவற்றை யாரும் எடுக்கவில்லை. சாப்பிட்டவரே தன் கோப்பையைக் கழுவட்டும் என்று எனக்கு யோசனை வந்தது அங்கேதான். கடையில் மிஞ்சிய அகலமான பைப்பை நீளப்பாட்டுக்கு இரண்டாகப் பிளந்து, பலகைக் கால்களில் ஏற்றினால் தொட்டி. மேலே ஒரு தண்ணீர்த் தாங்கி, நாலு குழாய். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும்.

சங்கம் ஓம் என்று சம்மதித்தது. அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், கோயில் சபைக் கூட்டத்தில் எழுந்து, "இந்த முறை லஞ்ச் சீற் வேண்டாம், பொறுப்பு நான்" என்று சொல்லிவிட்டார்.

சபைத் தலைவர் செல்வநாயகம் ஐயா சிரித்தாராம். "உன்ர பெடியன் வீட்டில தன்ர கோப்பையைக் கழுவி நான் காணேல்லை, கமலேஸ்வரி. ஊருக்குத் தொட்டி கீறுறானோ?"

ஐயா சொன்னது உண்மை.

ஆனாலும் ஐயா ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார். வரும் ஞாயிறு சிவலட்சுமி மாமியின் புது வீட்டுக் குடிபூரல். அங்கே மண்டபத்துக் கோப்பைகளோடு தொட்டியை வைத்துக் காட்ட வேண்டும். சரிவராவிட்டால் திங்கட்கிழமை அவர் வவுனியா ரவுணுக்குப் போய் வழக்கம்போல லஞ்ச் சீற் எடுத்து வருவார். அம்மா சபையில் கொடுத்த சொல் அதோடு முடிந்தது. அதன் பிறகு அவர் அந்தச் சபையில் எதற்கு எழுந்தாலும் எல்லோருக்கும் என் தொட்டிதான் நினைவுக்கு வரும்.

இதை எழுதிவிட்டு மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தேன். சாய்வு சரி என்றுதான் நினைக்கிறேன்.

08.06.2025, ஞாயிறு

வரைபடத்தைத் திருத்தும் முன்பே தொட்டியின் கால்களை வெட்டிவிட்டேன் என்பது இன்று காலையில்தான் நினைவுக்கு வந்தது. வாழைப்பக்கம் உயர்ந்து நின்றது. மற்றப் பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் துண்டுகளை வைத்துச் சமாளித்தேன். சுதாஜினி ஏ ஒன்பது வீதியில் பஸ்ஸை விட்டிறங்கி, யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். செங்கல்லைப் பார்த்தாள். படம் எடுத்தாள்.

பால் காய்ச்சி முடிந்து பந்தி தொடங்கியது. முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் செல்வநாயகம் ஐயாதான். அம்மாவுக்கு எதிராக நிற்கிறவர் என்றாலும் பரீட்சையை நேர்மையாக நடத்த வேண்டும் என்று நினைத்திருப்பார் போல, கோப்பையோடு நேரே தொட்டிக்கு வந்தார். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. வாழைக்கும் போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போது சமையல் நடந்த குசினியிலிருந்து மாமி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"ஐயா, என்ன செய்யிறியள்? விடுங்கோ. இங்க தாங்கோ."

"பரவாயில்லைப் பிள்ளை, நான் கழுவுறன். சோதினை எல்லே."

"என்ன சோதினை? என்ர வீட்டில சாப்பிட்ட மனுசன் கோப்பை கழுவிறதோ? நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?"

மாமி ஒரு பக்கம் இழுத்தார். ஐயா மறுபக்கம் இழுத்தார். இருவரும் மரியாதைக்காகவே இழுத்ததால் ஒருவரும் விடுவதாக இல்லை. கோப்பையில் மிஞ்சியிருந்த பருப்பு ஐயாவின் வெள்ளை வேட்டிக்கு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு தொட்டியடியில் நடந்ததை ஒழுங்காக எழுத முடியவில்லை. சாப்பிட்டவர்கள் கோப்பையோடு வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் மாமியின் வீட்டு ஆள் ஒருவர் வந்தார். "தாங்கோ", "இல்லை, விடுங்கோ", "எங்களை அவமானப்படுத்தாதேங்கோ." மாமியின் தங்கை ஒரு வாத்தியாரைச் சுற்றி மூன்று தடவை ஓடினார். தண்ணீர்ச் செலவைக் கணக்கெடுக்க வந்த சுதாஜினி போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கோப்பைக்கு ரெண்டு பேர் வேணும், மதுசன். கழுவுறதுக்குக் கொஞ்ச நேரம்தான். மிச்சமெல்லாம் இழுபறி. எழுதட்டோ?"

"எழுதாதையும்."

எழுதினாள்.

கடைசியில் மாமி தாங்கியின் வால்வையே மூடிவிட்டார். கோப்பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு தங்கைமாரோடு கிணற்றடிக்குப் போனார். புது வீட்டில் முதல் நாள், பட்டுச்சேலையோடு, ஊர் முழுக்கச் சாப்பிட்ட கோப்பை. அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு போய்ப் பக்கத்தில் குந்தினார். என்னைப் பார்க்கவில்லை.

தொட்டியின் உயரம், குழாயின் இடைவெளி, ஒரு கோப்பைக்கு எவ்வளவு தண்ணீர் எல்லாம் அளந்திருந்தேன். வந்தவர் கோப்பையைத் தூக்கினால் வீட்டுக்காரர் ஓடி வந்து பறிப்பார் என்பதை அளக்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு விசேஷத்திலும் பார்த்த காட்சி. என் கோப்பையும் அப்படித்தான் பறிபட்டிருக்கிறது, நான் ஒரு தடவைகூட எதிர்த்து இழுத்ததில்லை. அதனால் மறந்துவிட்டேன் போலும்.

செல்வநாயகம் ஐயா வேட்டியைப் பிழிந்தபடி கிணற்றடிக்கு வந்தார். நானும் சுதாஜினியும் கழுவிய கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

"பாத்தியே கமலேஸ்வரி" என்றார். "ஒரு குடிபூரலுக்கே இந்தப் பாடு. திருவிழாவில எத்தினை சனம் வரும்? அங்க ஆர் ஆற்ற கையில பறிக்கிறது? கோயிலுக்கு வீட்டுக்காரர் ஆர்?"

அம்மா கழுவிக்கொண்டிருந்த கோப்பையோடு நிமிர்ந்தார்.

"அதைத்தான் ஐயா நானும் கேக்கிறன். ஆர்?"

தான் கேட்ட கேள்வியை ஐயாவே மறுபடி யோசித்துப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"பிள்ளையார்தான்" என்றார் மாமி சாம்பலைத் தேய்த்தபடி. "அவர் எழும்பி வந்து கோப்பையைப் பறிக்கப் போறாரோ? அவற்ற உடம்புக்கு ஓடேலுமோ?"

கிணற்றடி முழுவதும் சிரித்தது. ஐயா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் வேட்டியைப் பார்த்தார்.

"அப்ப நீயும் கோயிலில உன்ர கோப்பையைக் கழுவுவியோ?" என்று மாமியைக் கேட்டார்.

"ஏன் கழுவாமல்? அங்க நானும் வந்த ஆள்தானே. இங்கதான் ஏலாது. இது என்ர வாசல்."

ஐயா, கழுவி வைத்த கோப்பை ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் மாதர் சங்கத்தின் பெயர் ஒட்டியிருந்தது.

"இது சரிவராது" என்றார். "சங்கத்தின்ர எண்டு கிடந்தா, சங்கப் பொம்பிளையள்தான் வீட்டுக்காரர் எண்டு சனம் கோப்பையை வச்சிட்டுப் போயிடும். ஒருத்தரும் கழுவாயினம். நீங்கள் விடிய விடியக் கழுவ வேண்டி வரும். பிள்ளையாற்ற எண்டு பேர் வெட்டிக் கிடக்க வேணும்."

"பேர் வெட்டினா வீட்டுக்கும் ஒருத்தரும் கொண்டு போகாயினம்" என்றார் மாமியின் தங்கை.

"அப்ப லஞ்ச் சீற்?" என்று அம்மா கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்த கோப்பையை ஏற்கெனவே கழுவிவிட்டார் என்பதை மறந்து மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பின்னேரம் சபை கூடுது. அதுக்கு முன்னம் முதல் பெட்டிக் கோப்பை பேரோட கோயிலுக்கு வரட்டும். வந்தா நான் ரவுணுக்குப் போகேல்லை." என் பக்கம் திரும்பினார். "தம்பி, தொட்டியும் வரட்டும். அந்தச் செங்கல் வேண்டாம். பிள்ளையாருக்கு முன்னால அது வடிவில்லை."

சுதாஜினி பஸ்ஸுக்குப் போகும் முன் தன் குறிப்பை எனக்குக் காட்டினாள். "எங்கட வடிவமைப்பில பெரிய மாற்றம் என்ன எண்டு மிஸ் கேட்டா என்ன சொல்லுறது? கோப்பைக்கு அடியில ஒரு பேர் எண்டோ?"

"ஓம்" என்றேன்.

"அதையும் நாங்கள் யோசிக்கேல்லை."

"ஊர்ச்சனம் முன்னுக்கு நிக்க வேணும் எண்டுதானே மிஸ் சொன்னவா."

"அதுக்காக எங்களை இவ்வளவு பின்னுக்கு விடோணும் எண்டு அவா சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டு, வந்த மோட்டார் சைக்கிளிலேயே ஏறினாள்.

வீட்டுக்கு வந்து, மாமி கட்டித் தந்த சோற்றைச் சாப்பிட்டேன். அம்மா குசினி வாசலில் இருந்தார். சேர் இல்லை, வாங்கோ இல்லை, வீட்டுப் பேச்சுத்தான்.

"தட்ட அங்கனயே வச்சிட்டுப் போயிறாத. இந்த வீட்டுக்கு வீட்டுக்காரி நாந்தான். ஆனா ஓடி வந்து புடுங்க மாட்டேன், சொல்லிட்டேன்."

திரும்பக் கொண்டுவந்த தொட்டி முற்றத்தில் நின்றது. அதிலேயே கழுவினேன். செங்கல் இல்லாததால் தண்ணீர் என் காலுக்குத்தான் வந்தது. அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"நாளைக்கு அதச் சரி பண்ணிரு" என்றார்.

நாளை: கடைக்குப் போன் எடுத்து லீவு சொல்ல வேண்டும். காலையில் வாழைப்பக்கக் கால்கள் இரண்டையும் இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும். வெட்டும் முன் எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். பிறகு ரவுண் பாத்திரக் கடையில் முதல் பெட்டிக்குப் 'பிள்ளையார் கோயில்' என்று பேர் வெட்டுவித்து, சபை கூடும் முன் தொட்டியோடு கோயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.