இரட்டை வேகத்தில் அண்ணன்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று விரிப்பு மடித்தவளுக்குச் சண்டை போட எங்கே தெம்பு இருக்கும்? ஆனாலும் போட்டாள். பத்து நாளாக அண்ணனோடு ஃபோனில் இதே பிழைப்புதான்.

விஷயம் அப்பாவின் இடுப்பு மூட்டு. தேய்ந்துபோய், கழிப்பறைக்குக்கூட ஆள் பிடித்துக்கொண்டுதான் போகிறார். ஆபரேஷன் செய்தால் நடப்பார் என்கிறார் டாக்டர். எழுபத்தெட்டு வயதில் இதயம் தாங்காது என்கிறான் அண்ணன். அப்பாவோ, "நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் போவேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்குள் சொல்லாவிட்டால் ஆபரேஷனுக்குக் கிடைத்த தேதி கைநழுவிவிடும். அடுத்தது ஐந்து மாதம் கழித்துத்தான்.

அண்ணன் லாரி ஓட்டுகிறவன். எழுத்தெல்லாம் அவனுக்கு ஆகாது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு நாலு நிமிடம், ஐந்து நிமிடம் என்று குரல் பதிவாகப் பேசி அனுப்புவான். இவளுக்கு டீ இடைவேளையே பத்து நிமிடம். அதில் எதைக் குடிப்பது, எதைக் கேட்பது? எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாள். அந்த வேகத்தில் அவன் பொரிந்து தள்ளுவான். இவளும் சளைத்தவளா என்ன, பேசியே பதிலுக்குப் பொரிவாள்.

இன்று மதியம் வந்ததுதான் உச்சம். "அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போனப்ப நான்தான் கையெழுத்துப் போட்டேன். நீ போடல." ஆபரேஷன் அறைக்கு உள்ளே போன அம்மா திரும்பி வரவில்லை. எட்டு வருஷம் கழித்து அதையா குத்திக்காட்டுவான் மனுஷன்? மீதியைக் கேட்காமல் அந்த இடத்திலேயே பதிவை நிறுத்திவிட்டாள்.

மாலையில் அப்பாவுக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்தபடி, "கேளுங்க உங்க மகன் பேசற அழக" என்று அதை ஓடவிட்டாள்.

அப்பா முகத்தைச் சுளித்தார். "யாரும்மா இது?"

"உங்க மகன்தான். வேற யாரு?"

"சாப்பிடக் கூப்பிட்டா 'வர்றேன்'னு சொல்லவே அரை நாள் ஆகும் அவனுக்கு. அவனாவது, இப்படிப் பேசறதாவது."

வேகத்தைக் கூட்டிக் கேட்கும் சங்கதியைச் சொன்னாள்.

"சாதாரணமாப் போடு."

கடுப்போடு போட்டாள். வண்டி இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. "அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போனப்ப..." மூச்சு இழுத்தான். "நான்தான் கையெழுத்துப் போட்டேன்." பிறகு வெறும் டிக் டிக். மூக்கை உறிஞ்சினான். "நீ போடல." அதில் கோபத்தின் சாயல்கூட இல்லை. "அதனால உனக்குத் தெரியாது, பாப்பா. அந்தப் பேனா இன்னும் என் கையிலயே இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. இதய டாக்டர் ஒருத்தர் பார்த்து, தாங்கும்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பத்து நாளாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாளா? வெட்கமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது.

ஃபோனை வாய்க்கருகே பிடித்தாள். "அண்ணா, நீ கேக்கறது நியாயம். அத நான் கேக்கவே இல்ல. காலைல ஒன்பது மணிக்கு அப்பாவ இதய டாக்டர்கிட்ட காட்டறேன். உன்ன லைன்ல வச்சுக்கறேன், நீயே கேளு. தாங்காதுன்னு அவர் சொன்னா, நானும் விட்டுடறேன். தாங்கும்னா, இந்தத் தடவ கையெழுத்து நான் போடறேன்." நடுநடுவே பேச்சு வராமல் நின்றுவிட்டாள். அழிக்காமல் அப்படியே அனுப்பினாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

அவன் கேட்கத் தொடங்கிவிட்டதைத் திரை காட்டியது. வழக்கமாக அவனும் இரட்டை வேகத்தில் கேட்டுவிட்டு, இவ்வளவு நீளத்துக்கு ஒன்றரை நிமிடத்தில் பதில் பேசத் தொடங்கிவிடுவான்; திரை அதையும் காட்டும். ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று.

"என்ன சொல்றான்?" என்றார் அப்பா.

"இன்னும் ஒண்ணும் சொல்லலப்பா." அவள் கண் சுவர்க்கடிகாரத்திலேயே இருந்தது. "முழுசாக் கேட்டுட்டிருக்கான்."