தலைமாறிய இரண்டு பேட்டரி

பேட்டரி இரண்டும் புதியவை. முனை மாறாமல்தான் இருந்தன. ஸ்பிரிங்கில் துரு இல்லை. ஆனாலும் பரிமல் எவ்வளவு திருகியும் ரேடியோவில் ஒரு கரகரப்புக்கூட எழவில்லை. முந்தின நாள் மைத்துனன் துலால் இரவல் வாங்கிப் போகும்வரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோ.

கேட்டதற்குத் துலால் உடனே பதில் சொன்னான். மாத்லா ஆற்றில் நண்டு பிடிக்கப் போகிறவர்கள் டார்ச்சைப் பைக்குள் வைக்கும்போது ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். பொத்தான் தானாக அழுந்தினாலும் விளக்கு எரியாது, பேட்டரி வீணாகாது. அந்த நினைப்பில் ரேடியோவிலும் ஒன்றைத் திருப்பிவிட்டானாம். பிறகு சரியாகப் போட்டுத்தான் கொடுத்தானாம்.

மாமனார் ஹலதருக்கு அது போதும். படகு அவருடையது, ஓட்டுவது பரிமல். புயல் செய்தி கேட்க ரேடியோ இல்லாமல் படகு கிளம்பக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். பௌர்ணமிக்குள் இது பேசாவிட்டால் படகு துலாலுக்கு என்றார். துலால் அன்றே வேறொரு ரேடியோவுக்குச் சொல்லி வைத்துவிட்டான்.

கல்யாணத்துக்கு முன் பரிமல் கேனிங் டவுனில் ரேடியோ கடையில் வேலை பார்த்தவன். மூடியைக் கழற்றினான். ஒலியைப் பெருக்கும் சில்லு கருகி வெடித்திருந்தது. பக்கத்தில் கண்டென்சர் உப்பியிருந்தது. அவன் யோசித்தான். இரண்டு பேட்டரியில் ஒன்றை மட்டும் திருப்பினால், ஒரே படகை இரண்டு பேர் எதிரெதிராகத் தள்ளுவது போலத்தான். படகு நகராது, மின்சாரமும் ஓடாது. எதுவும் கருகாது. சில்லு வேக வேண்டுமானால் இரண்டையும் திருப்பி, சுவிட்சையும் போட்டுவைக்க வேண்டும். அது மறதியில் நடக்கிற காரியம் இல்லை.

ஹலதரிடம் பொறுமையாக விளக்கிப் பார்த்தான்.

“கண்ணுக்குத் தெரியாத கரண்ட வச்சு என் புள்ளையக் கெட்டவன்னு சொல்றியா மாப்ள?” என்றார் அவர்.

கண்ணுக்குத் தெரிய வைக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான் பரிமல். புதுச் சில்லும் கண்டென்சரும் வாங்கிப் பற்றவைத்தான். ரேடியோ பாடியது. பேட்டரி வைக்கும் குழியில் இன்னொரு சின்ன வேலையும் செய்தான். பிறகு அதைத் தானே கொண்டுபோய்த் துலாலிடம் நீட்டினான். “சரியாயிடுச்சு மச்சான். கேட்டுட்டுக் குடு.” பைத்தியமா பிடித்திருக்கிறது என்று மனைவி திட்டியதை அவன் காதில் வாங்கவில்லை.

மத்தியானம் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றிப் படகுகள் சேற்றில் ஒட்டி நின்றன. துலால் தன் தோணியின் கூரைக்குள் மறைப்புப் பாயை இறக்கிவிட்டுப் படுத்திருந்தான். அடுத்த படகில் பரிமல் மாமனாருக்குப் பொரியும் பச்சை மிளகாயும் வைத்து, டீ ஊற்றினான். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கச் சொன்னான்.

பாய்க்குள்ளிருந்து ரேடியோ நெல் விலை சொன்னது. பாதியில் நின்றது. டீ ஆறும்வரை சத்தமில்லை. பிறகு ஒரு பாட்டு வந்தது, உடனே அறுந்தது. மறுபடி நீண்ட மௌனம். மறுபடி பாட்டு.

“எவ்வளவு நேரம் திருப்பிப் போட்டாலும் சாக மாட்டேங்குதே, சனியன்” என்ற முணுமுணுப்பு தெளிவாகக் கேட்டது. பாட்டு மறுபடியும் அறுந்தது.

ஹலதரின் பொரி அள்ளிய கை வாய்க்குப் போகாமல் நின்றது. எழுந்து தோணிக்குத் தாண்டிப் பாயைத் தூக்கினார். துலாலின் மடியில் திறந்த ரேடியோ. சுவிட்ச் போட்டபடி இருந்தது. இரண்டு பேட்டரியும் தலைகீழ்.

“இதுவும் டார்ச் நெனப்புலயா மச்சான்?” என்றான் பரிமல்.

துலால் சுத்தம் பண்ணுவதாக ஏதோ குழறினான். ஹலதர் அவனைக் கரைக்குப் போகச் சொன்னார். படகு மாப்பிள்ளையிடமே இருக்கும் என்றார். பரிமலுக்கு அது போதவில்லை. தோற்றது எதனால் என்று துலால் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். துலாலை உட்கார வைத்து, அவன் கையாலேயே பேட்டரிகளை எடுக்கச் செய்து, குழிக்குள் விரலை வைத்துக் காட்டினான்.

பேட்டரியின் குமிழ் தொட வேண்டிய இரண்டு தகடுகளின் மேலும், டப்பா மூடியில் வெட்டிய பிளாஸ்டிக் வளையம் ஒட்டியிருந்தது, குமிழின் உயரத்தைவிடச் சற்று மெல்லியதாக. சரியாகப் போட்டால் குமிழ் துளைக்குள் நுழைந்து தகட்டைத் தொடும், ரேடியோ பாடும். திருப்பிப் போட்டால் தட்டையான அடி வளையத்தின் மேலேயே நின்றுவிடும். தகட்டைத் தொடாது, மின்சாரம் ஓடாது, எதுவும் கருகாது.